சிக்னலில் நிற்காமல் போனவன்

பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்க வேண்டியது. நீதிபதி கேட்டால் "ஒத்துக்குறேன் ஐயா" என்று சொல்ல வேண்டியது. அபராதத்தைக் கட்டிவிட்டு, அக்கம்பக்கம் பார்க்காமல் வெளியே வந்துவிட வேண்டியது. சோடாவின் திட்டம் இவ்வளவுதான். இதில் இருந்த ஒரே சிக்கல், கூப்பிடப் போகிற பெயர் அவனுடையது இல்லை. அது ராக்கெட்டின் பெயர். ராக்கெட் செத்து நாலு மாதம் ஆகிறது.

சின்னக் கேஸ்கள் நடக்கிற கோர்ட்டு அது. வராந்தா பெஞ்சுகளில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு மட்டும் ஏன் தலையில் போடவில்லை என்று அதனிடமே கேட்பது போல ஒருத்தர் தன் ஹெல்மெட்டை உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சோடா சுவர் ஓரமாக ஒதுங்கி நின்று, ராக்கெட்டின் முழுப்பெயரை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தான். குடோனில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதே கிடையாது. நடந்து போகிறவர்கள்கூட முந்திப் போகிற அளவுக்கு நிதானமாக வண்டி ஓட்டுவான் என்பதால்தான் அவன் ராக்கெட். கண்ணாடி சோடா பாட்டில் அடிப்பாகம் மாதிரி இருந்ததால் இவன் சோடா.

இரண்டு பேரும் ஒரே பெயிண்ட் குடோனில் டெலிவரிக்குச் சேர்ந்தவர்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு லைசென்ஸ், அதுவும் ராக்கெட்டுடையது. சோடா டெஸ்டுக்குப் போகிற தடவையெல்லாம் எட்டுப் போடும்போது காலை ஊன்றிவிட்டு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவான். கடைசியில் ராக்கெட்தான் அந்த யோசனையைச் சொன்னான். "மாட்டினா என் பேரச் சொல்லிடு. அப்பா பேரு, வீட்டு நம்பர் எல்லாம் மனப்பாடம் பண்ணிக்க. போட்டோவப் பாரு, என்னைப் பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது. பேரு என்ன, சொல்லச் சொல்லத் தேஞ்சா போகும்?" அதிலிருந்து, எவன் வண்டியை எடுக்கிறானோ அவன் சட்டைப்பையில் லைசென்ஸ் இருக்கும். வருகைப் பதிவில் ராக்கெட்டுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலையையும் சோடா பழகிக்கொண்டான். கடைசி எழுத்தில் கீழே ஒரு வால் இழுக்க வேண்டும், அவ்வளவுதான் அதில் உள்ள வித்தை.

குடோன் பற்றி எரிந்த அன்றைக்கு வண்டி சோடாவிடம் இருந்தது. லைசென்ஸும் அவனிடம்தான். ராக்கெட் குடோனுக்குள் இருந்தான். ஆஸ்பத்திரிப் பிணவறையில் ராக்கெட்டின் அம்மாவை உள்ளே விடவில்லை. சோடாதான் போனான். அங்கே இருந்த ஆள் துணியைக் கால் பக்கம் மட்டும் விலக்கினான். "தலைப்பக்கம் வேணாம்பா, உன்னால தாங்க முடியாது" என்றான். இடது கால் கட்டைவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது. பெயிண்ட் டின் விழுந்து வளைந்த விரல் அது. அன்றைக்கு அந்தக் காலை மடியில் வைத்துக் கட்டுப் போட்டவனே இவன்தான். "அவன்தான்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, அதையே அம்மாவிடமும் சொன்னான். பெட்டியை மூடியே கொடுத்தார்கள், மூடியபடியே அடக்கம் செய்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், சிவப்பு விளக்கு விழுந்ததைக் கவனிக்காமல் சோடா போய்விட்டான். அவசரம் ஒன்றும் இல்லை, கவனம்தான் எங்கேயோ இருந்தது. போலீஸ்காரர் கையைக் காட்டி லைசென்ஸ் கேட்டார். புத்தி யோசிப்பதற்குள் கை பர்ஸுக்குப் போய்விட்டது. பேரு என்றார். வாய் ராக்கெட்டின் பெயரைச் சொன்னது. அப்பா பேரு என்றார். அதையும் சொன்னது. "போட்டோல கண்ணாடி இல்லயே?" "இப்பத்தான் சார் போட்டேன்." கோர்ட்டுத் தேதி போட்ட அபராதச் சீட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார், வாலோடு போட்டுக் கொடுத்தான். எல்லாம் முடிந்து வண்டியைக் கிளப்பும்போதுதான், பின் சீட்டில் ஆள் ஏறினால் வண்டி ஒரு அமுக்கு அமுங்குமே, அப்படி அமுங்கியது. திரும்பிப் பார்க்கவில்லை. இன்றுவரை வண்டியில் போகும்போது அவன் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை. உட்காரும்போதும் முன்னால் ஒண்டிக்கொண்டு, பின்னால் இடம் விட்டுத்தான் உட்காருகிறான். முதலில் பயமாகத்தான் இருந்தது. அப்புறம் வந்தது, வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள், ஒரு சந்தோஷம். ராக்கெட் இந்த ஊரில் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனான் என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறதே! அன்று ராத்திரி அவன் நன்றாகத் தூங்கினான். அதற்கப்புறம் ஒரு நாளும் அப்படித் தூக்கம் வரவில்லை.

வராந்தாக் கோடியில் ஒரு மேசை போட்டு, இலவசமாகச் சட்டம் சொல்ல ஒரு வக்கீலம்மாவை உட்கார வைத்திருந்தார்கள். காலையிலிருந்து ஒரே கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அந்த அம்மாவுக்குக் குரல் கம்மியிருந்தது. "சிவப்பே விழல மேடம், மஞ்சள்தான்" என்று ஒருத்தர் சத்தியம் செய்தார். "கேமரா கிட்ட சொல்லிப் பாருங்க" என்று வக்கீலம்மா அனுப்பினார். சோடாவின் முறை வந்தது.

"ஃப்ரெண்டுக்காகக் கேக்குறேன் மேடம்."

"இங்க எல்லாரும் ஃப்ரெண்டுக்காகத்தான் கேக்குறாங்க. சொல்லுங்க."

"போலீஸ்கிட்ட வேற ஒருத்தர் பேரக் கொடுத்துட்டா என்ன ஆகும்?"

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். "சிக்னல் தாண்டினது அபராதத்தோட போயிடும். பேர மாத்திச் சொன்னது அப்படிப் போகாது. அது ஏமாத்து. உள்ள தள்ளக்கூட வாய்ப்பிருக்கு. வேலையும் போயிடும். அந்த இன்னொருத்தர் ஏதாவது புகார் கொடுத்திருக்காரா?"

"அவர் வரமாட்டார் மேடம்."

"ஏன்?"

அவன் பதில் சொல்லுமுன் முதுகுக்குப் பின்னால் இருந்து, "கண்ணு, நீயா?" என்று ஒரு குரல் கேட்டது. சோடா திரும்பினான். ராக்கெட்டின் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

ஆள் பாதியாகிப் போயிருந்தார். ஆனால் இஸ்திரி போட்ட புடவை கட்டி, தலையைப் படிய வாரியிருந்தார். முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. அடக்கம் செய்த நாளில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் இவர்தான் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். "நீயும் கேள்விப்பட்டுத்தான் வந்தியா? வா வா, நல்லதாப் போச்சு" என்று சோடாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட இரண்டு காகிதங்களை எடுத்தார். ஒன்று கோர்ட்டு சம்மன், இன்னொன்று அந்தச் சீட்டின் நகல். லைசென்ஸில் இருக்கிற முகவரிக்குத்தான் சம்மன் போகும் என்பது இந்த மண்டூகத்துக்கு அதுவரை தோன்றவே இல்லை.

"தேதியப் பாரு. அவன் போயிட்டான்னு சொன்னீங்களே, அதுக்கு ரெண்டு மாசம் கழிச்சு! கையெழுத்தப் பாரு. இந்த வால என் பிள்ளையத் தவிர யாருப்பா இழுப்பா?"

சோடா பார்த்தான். வால் நன்றாகத்தான் வந்திருந்தது.

அம்மா வக்கீலம்மாவின் எதிரே உட்கார்ந்து, மனதுக்குள் கோத்து வைத்திருந்த கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"அபராதத்த நான் கட்டிட்டா என்னம்மா ஆகும்?"

"கேஸ் இன்னைக்கே முடிஞ்சிரும்மா."

"அப்ப கட்டமாட்டேன்."

அன்றைக்குக் காலையிலிருந்து முதல் தடவையாக வக்கீலம்மா ஒருத்தர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"அவன் இன்னைக்கு வரலேன்னா?"

"வேற தேதி போடுவாங்க. அப்பவும் வரலேன்னா பிடிவாரண்ட்."

"வாரண்ட் போட்டா போலீஸ் தேடுவாங்களா?"

"தேடணும்."

"எது வரைக்கும்?"

"கிடைக்கிற வரைக்கும்னு வச்சுக்கங்க. கிடைக்கலேன்னா கேஸ் அப்படியே கிடக்கும், வருஷக்கணக்கா."

"கிடக்கட்டும், கிடக்கட்டும்." அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அந்த வாரண்ட்ட இன்னைக்கே போடச் சொல்ல நான் எங்க எழுதிக் கொடுக்கணும்?"

பிள்ளைக்கு வாரண்ட் வராமல் இருக்க வழி கேட்டு அழுத அம்மாக்களைத்தான் அந்த மேசை அதுவரை பார்த்திருக்கும். வக்கீலம்மா மெதுவாகக் கேட்டார். "உங்க பிள்ளை எங்கம்மா இருக்காரு?"

"தெரியலயேம்மா. செத்துட்டான்னு சொன்னாங்க."

"யார் சொன்னா?"

அம்மா சோடாவின் தோளைத் தட்டிக் கொடுத்தார். "இந்தப் பிள்ளைதான். இவன் மேல தப்பில்ல. பாவம், இவனுக்குக் கண்ணு சரியாத் தெரியாது."

வக்கீலம்மா சோடாவின் கண்ணாடியைப் பார்த்தார். சீட்டில் இருந்த கையெழுத்தைப் பார்த்தார். மறுபடி சோடாவைப் பார்த்தார். ஒன்றும் மறைக்க முடியாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஓடிப்போகலாமா என்று ஒரு கணம் நினைத்தான். கையை அம்மா விடவில்லை. "அம்மா, இறப்புச் சான்றிதழ் ஏதாவது…" என்று வக்கீலம்மா ஆரம்பித்தார். "வீட்ல கிடக்கு. அதக் கொண்டு வரமாட்டேன்" என்று அம்மா எழுந்துவிட்டார். அவர் நாலடி தள்ளிப் போனதும் வக்கீலம்மா குரலைத் தாழ்த்தினார். "உங்க ஃப்ரெண்டுகிட்ட சொல்லுங்க. உள்ள பேரக் கூப்பிடறதுக்கு முன்னாடி, பேச வேண்டியவங்ககிட்டப் பேசிடச் சொல்லுங்க. அப்புறம் என்கிட்ட வரட்டும். நான் கூட நிக்கிறேன்."

உள்ளே இருவருக்கும் கடைசி பெஞ்சில் இடம் கிடைத்தது. விசிறி சுற்றியது, காற்றுதான் வரவில்லை. வாசலில் நின்ற ஆள் ஒவ்வொரு பெயராகக் கூவ, ஆட்கள் எழுந்து போய் ஒத்துக்கொண்டு, பணம் கட்டுகிற ஜன்னல் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். சோடா அம்மா பக்கம் திரும்பினான். இப்போது சொல்லாவிட்டால் அவ்வளவுதான் என்று மனசு அடித்துக்கொண்டது.

"அம்மா, நான் கிட்ட நின்னு பார்த்தேம்மா."

"முகத்தப் பார்த்தியா?"

"காலப் பார்த்தேன். அந்த விரல…"

அம்மா சிரித்தேவிட்டார். "குடோன்ல வேலை செய்யுற எவன் கால்லப்பா டின்னு விழாம இருந்துச்சு? நீ பயந்துட்டே. விடு." பிறகு அவன் காதோரம் குனிந்து, யாருக்கும் தெரியாத சங்கதியைச் சொல்கிற மாதிரி சொன்னார். "அவன் நிதானமா ஓட்டுறவன். உனக்குத் தெரியாதா? சிக்னல்ல நிக்காமப் போயிருக்கான்னா என்ன அவசரமோ! யாரோ துரத்துறாங்க கண்ணு. செத்துட்டான்னே எல்லாரும் நம்பட்டும்னு ஒளிஞ்சிருக்கான். போலீஸ் புடிச்சாத்தான் அவனுக்குப் பாதுகாப்பு. நீ வந்து சொன்னதுலேர்ந்து எனக்குச் சோறே இறங்கலப்பா. இந்தச் சீட்டு வந்த அன்னைக்குத்தான் பசிச்சுது. ரெண்டு தடவ போட்டுத் தின்னேன்."

சோடா கண்ணாடியைக் கழற்றி, துடைப்பது போலத் துடைத்துக்கொண்டே இருந்தான். அழுகை முட்டியது. ஜெயிலை நினைத்து இல்லை. அந்தப் பயம் இருக்கத்தான் இருந்தது, அது இப்போது பின்னால் போய்விட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் என்ன என்றுதான் அவன் யோசித்தான். வாரண்ட் போடுவார்கள். அம்மா தினமும் சோறு தின்பார். கதவு தட்டும் சத்தம் கேட்டால் ஓடிப் போய்த் திறப்பார். தேதிக்குத் தேதி தலையை வாரிக்கொண்டு இங்கே வந்து உட்காருவார், இந்த வருடம், அடுத்த வருடம், கிழவியாகித் தடியூன்றிக்கொண்டும். பாவி, தீ ஒரு தடவைதான் கொன்றது, நான் அவனைச் சாகவே விடாமல் அலைய விட்டுவிட்டேனே என்று நினைத்தான். சொன்னாலோ, இந்தத் தடவை அவனைக் கொல்லப் போவது தீ இல்லை. பெஞ்சில் அவனுக்கு வலப்பக்கம் அம்மா. இடப்பக்கம் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குக் காலியாக இருந்தது. கூட்டம் அவ்வளவு நெரிந்தும் அதில் யாரும் வந்து உட்காரவில்லை. அந்தப் பக்கம் அவன் தலையைத் திருப்பவில்லை.

வாசலில் நின்ற ஆள் ராக்கெட்டின் பெயரைக் கூவினான். அப்பா பெயரோடு சேர்த்து, முழுசாக.

அம்மா நீதிபதி இருக்கும் பக்கம் பார்க்கவில்லை. சட்டென்று உடம்பையே வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார். வாசலுக்கு வெளியே வராந்தா வெயிலில் ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். ஒவ்வொரு ஆளாக அவர் கண் பிடித்து, பார்த்து, விட்டது.

இரண்டாவது தடவை கூவினான்.

சோடா எழுந்து நின்றான். எப்படி எழுந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. நீதிபதி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். "நீங்கதானா?" என்று கேட்டார். மேசை மேல் குனிந்திருந்த குமாஸ்தாவும் நிமிர்ந்தார். வக்கீலம்மா எப்போது வந்தாரோ, சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, அது நான்…" என்று சோடா வாயைத் திறந்தான்.

அவன் இடுப்பில் ஒரு கை பட்டது. அம்மாவின் கை. அவனை ஓரமாகத் தள்ளி, அவனைச் சுற்றிக் கழுத்தை நீட்டி, கண்ணை எடுக்காமல் வெளியே பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்.

"கொஞ்சம் தள்ளுப்பா, வாசல் மறைக்குது."