ரைட்டு அத்தை இரண்டாம் முறை இறந்த அன்று

அம்மாவின் போனில், இணையத்தில் இருந்த குடும்ப மரத்தில் அம்மா பெயருக்கான பெட்டியைத் திறந்து, ‘இறந்த நாள்’ என்ற இடத்தில் அன்றைய தேதியைப் போட்டு அமுக்கினாள் மகள். பெட்டி சாம்பல் நிறமானது. அந்த மரம், தன் வழக்கப்படி, உறவு மொத்தத்துக்கும் உடனே சேதி அனுப்பிவிட்டது. கட்டிலில் அம்மா, விடிந்த பிறகு எழுப்பு என்று சொல்லிவிட்டுத் தூங்குகிறவளைப் போலக் கிடந்தாள்.

முதல் பதில் வந்தது.

“என்ன அத்தை, மறுபடியும் செத்துட்டீங்களா?”

பின்னாலேயே சிரிக்கிற பொம்மைகள் வரிசை கட்டின. “கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அமுக்குங்க அத்தை!” என்று ஒருத்தி. “இந்த வாட்டியாவது வந்தவங்களுக்கு டீ கிடைக்குமா?” என்று ஒரு மருமகன்.

‘உண்மையாவே அம்மா போயிட்டாங்க. நான் அவங்க பொண்ணு’ என்று மகள் எழுதினாள். அது அம்மாவின் பெயரில், அம்மா பல் தெரியச் சிரிக்கும் படத்தோடு போய் விழுந்தது. செத்தவளே தன் சாவுக்குச் சாட்சி சொன்னால் எவன் நம்புவான்? இன்னும் பத்துப் பொம்மைகள் விழுந்து விழுந்து சிரித்தன.

தன் பெயரில் எழுதலாமென்றால் இவள் அந்த மரத்தில் சேரவே இல்லை. ‘எனக்கு வேற வேலை இல்லையா’ என்று அம்மாவின் அழைப்பையெல்லாம் தள்ளிவிட்டவள். சொந்தக்காரர் நம்பர் என்று அம்மாவின் போனிலும் இருந்தது அவள் அண்ணன் பெரிய மாமாவுடையது ஒன்றுதான்; மற்றவர்களெல்லாம் மரத்தோடு சரி. அவரிடம் எந்த வாயால் சொல்வது என்று போன் போடக் கை வரவில்லை.

சிரித்தவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. அம்மா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். வண்டியைக் கிளப்ப அவள் ‘ரைட்!’ என்று கொடுக்கும் குரலுக்குத் தூங்குகிற பயணியும் துள்ளி எழுந்துவிடுவான். அதனால் பேரே ரைட்டு என்றாகிவிட்டது. வேலை முடிந்த பிறகு இந்த மரத்தைப் பிடித்துக்கொண்டாள். சொல்லாமல் ஓடிப்போய்க் கல்யாணம் செய்தவர்கள், இரண்டாம் தாரத்துப் பிள்ளைகள், வளர்ப்பு மகள் என்று குடும்பம் கைகழுவிய அத்தனை பேரையும் வலை வீசித் தேடிப் பெட்டிக்குள் ஏற்றினாள். “அவங்கள்லாம் எதுக்கும்மா?” என்று கேட்டால், “இடம் இருக்குடி. கொஞ்சம் உள்ள தள்ளிப் போனா எல்லாரும் வரலாம்” என்பாள்.

மூன்று வருடத்துக்கு முன் அப்பா இறந்த தேதியைப் போடப் போன அம்மா, கண்ணாடி இல்லாமல், அதைத் தன் பெட்டியிலேயே போட்டுத் தொலைத்தாள். சேதி அவளுடைய அண்ணன் வரைக்கும் போய்விட்டது. ‘பஸ்ஸுல தொங்கிக்கிட்டு டிக்கெட் கிழிக்கிறவ எனக்குத் தங்கச்சியே இல்ல’ என்று முப்பது வருடமாக இந்த வாசலை எட்டிப் பார்க்காத பெரிய மாமா, கை நிறையப் பூவும் கண் நிறையத் தண்ணீருமாக வந்து கதவைத் தட்டினார். கதவைத் திறந்தது அம்மா.

“வாங்கண்ணே. செத்தாத்தான் வருவீங்கன்னு தெரியும்.”

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் போன் வரும். “இருக்கியா?” என்பார். “இருக்கேண்ணே” என்பாள். அவ்வளவுதான் பேச்சு, வைத்துவிடுவார்.

“பஸ்ஸைக் கொண்டு வரட்டுமாம்மா?”

கட்டிலுக்கு எதிரே நாற்காலியில் இருந்த டிரைவர் மாமா மகளிடம் கேட்டார். அம்மாவோடு ஒரே பஸ்ஸில் காலத்தைக் கழித்தவர். இப்போது வாடகைக்கு ஒரு பஸ் ஓட்டுகிறார்.

“எதுக்கு மாமா? நீங்க, நான், பக்கத்து வீட்டுல ரெண்டு பேரு. ஒரு கார் போதும்.”

போன மாதம்தான் இவள் அம்மாவைக் குத்திக்காட்டியிருந்தாள். “இந்தப் பெட்டியில இருக்கிறவங்க எல்லாம் நாளைக்கு உனக்குன்னு ஒரு பூ வாங்கிட்டு வருவாங்களா?” அம்மா அசரவில்லை. “வராம எங்க போவாங்க? வரலன்னா நானே எந்திரிச்சுப் போய்க் கூட்டிட்டு வர்றேன்.”

இன்றைக்குப் பார்த்து அம்மா தோற்றுவிடக் கூடாது. கடவுளே, இன்றைக்கு மட்டும் தோற்றுவிடவே கூடாது.

கையில் இருந்த அம்மாவின் போன் அடித்தது. பெரிய மாமா.

“இருக்கியா?”

மகள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

“என்னடி, பசங்க என்னமோ சொல்றானுங்க. மறுபடியும் கை தவறிடுச்சா? இருக்கியா?”

தலைக்கு மேல் மின்விசிறி சுற்றியது. டிரைவர் மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீயாம்மா?” என்றார் பெரிய மாமா கடைசியில், வேறு யாருடைய குரலோ போல.

“ஆமா மாமா.”

“நான் வர்ற வரைக்கும் எடுத்துடாதீங்க.”

கொஞ்ச நேரத்தில் மரத்தில் அவர் பெயரில் ஒரு வரி வந்தது. ‘என் தங்கச்சி போயிட்டா. சிரிச்சவனெல்லாம் கிளம்பு.’

சிரித்த பொம்மைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அதன் பிறகு அந்தப் பக்கம் யாரும் எதுவும் எழுதவில்லை. டிரைவர் மாமா எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, எங்கே என்று சொல்லாமல் போனார்.

மதியம் கையில் மாவு காயாமல் ஒரு பேக்கரிக்காரி வந்து நின்றாள். “நான் உங்க தாத்தா வீட்டு வளர்ப்புப் பொண்ணோட மக. மரத்துல இடது பக்கம், மூணாவது வரிசை.” அவளுக்குப் பின்னால் ஒரு குடும்பம். அதற்குப் பின்னால் இரண்டு கார். அப்புறம் எண்ண முடியவில்லை. “நீங்கதானா அந்தத் தாடிக்காரர்? படத்துல உசரமா இருக்கீங்களே!” என்று ஒருத்தி கேட்க, சாவு வீட்டில் கொல்லென்று சிரிப்பு. பெட்டியாக மட்டும் தெரிந்தவர்கள் ஒருவரையொருவர் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். காலையில் டீ கேட்டுக் கேலி செய்த மருமகன், யாரும் சொல்லாமலே அடுப்படியில் புகுந்து எல்லாருக்கும் டீ போட்டான், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. எள் போட்டால் எள் விழாது என்கிற அளவுக்கு வீடு நிறைந்து, தெருவும் நிறைந்தது. மகளுக்கு அழுகையும் வந்தது, அதைவிடப் பெரிதாகப் பெருமையும் வந்தது.

பெரிய மாமா கைத்தடியோடு, கை நிறையப் பூவோடு வந்தார். கூட்டம் வழிவிட்டது. கட்டிலருகே நின்றார்.

“ரெண்டு வாட்டியும் வந்துட்டேன்டி. போதுமா?”

பூவை இந்த முறை அவள் மேலேயே வைத்தார்.

பொழுது சாயும்போது அம்மாவை ஏற்றிய வண்டி முன்னால் போயிற்று. தெருமுனையில் டிரைவர் மாமாவின் பஸ் நின்றிருந்தது. நெருங்கிய சொந்தம் முதலில் ஏறி உட்கார, படிக்கட்டு வரைக்கும் அடைத்துக்கொண்டது. ஓடிப்போனவர்களும், பேக்கரிக்காரியும், இரண்டாம் தாரத்து வகையறாவும் பழகிய தூரத்தில், சுவரோரமாக நின்றார்கள். யாரும் அவர்களைப் போகச் சொல்லவில்லை. ஏறச் சொல்லவும் இல்லை.

மகள் படிக்கட்டில் ஒரு காலை வைத்து ஏறினாள்.

“கொஞ்சம் உள்ள தள்ளிப் போங்க. இடம் இருக்கு.”

குரல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. முதல் இருக்கையில் இருந்த பெரிய மாமா கைத்தடியை ஊன்றி எழுந்து, உள்ளே நகர்ந்தார். அவர் நகர, மற்றவர்களும் நகர்ந்தார்கள். சுவரோரம் நின்ற கடைசி ஆள் வரைக்கும் ஏறியாயிற்று.

எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. ஆனால் வண்டி நகரவில்லை. டிரைவர் மாமா கண்ணாடியில் பின்பக்கம் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

மகள் வெளியே கையை நீட்டி, பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

“ரைட்!”