சென்னியப்பனின் நிறம்

என் கணவர் சென்னியப்பன் எங்கள் வீட்டு நீச்சல்குளத்தில் கரைந்து பதினெட்டு நாள் ஆகிறது. ஒரு செவ்வாய்க்கிழமை இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, "கொஞ்ச நேரம் இருந்துட்டு வர்றேன்" என்றார். நான் காப்பி டம்ளரோடு வந்தபோது துண்டு மட்டும் மிதந்தது. விருந்தாளிகளுக்கென்று எடுத்து வைத்திருந்த புதுத் துண்டு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

கரைந்தவர்களைப் பார்த்துக்கொள்வது பெரிய வேலையில்லை. தண்ணீர் கெடாமல் இருந்தால் போதும். குளம் பராமரிக்கும் வெள்ளிங்கிரி வாரம் இரண்டு தடவை வந்து குளோரின் போடுவார். அது கூடினால் என் கணவர் இருமுவார், குறைந்தால் பாசி பிடித்துவிடுவார்.

தினமும் காலையில் சோதிப்பது என் பொறுப்பு. முழங்கை ஆழத்தில் நீர் எடுத்து, சின்னக் கண்ணாடிக் குழாயில் கோடு வரை ஊற்றி, சிவப்பு மருந்து ஐந்து சொட்டு விட்டுக் குலுக்க வேண்டும். இளஞ்சிவப்பு வந்தால் சரியாக இருக்கிறார். மஞ்சள் வந்தால் அமிலம் ஏறிவிட்டது, அதாவது அவருக்குப் பிடிக்கவில்லை. "சாயங்காலம் உப்புமா" என்று சொல்லிவிட்டுச் சோதித்தால் லேசாக மஞ்சள் தட்டும். இருபத்தேழு வருடக் குடித்தனத்தில் எதைக் கேட்டாலும் "ம்" என்ற மனிதர் அவர். இப்போது இருபது நொடியில் மனசு தெரிந்துவிடுகிறது.

எங்கள் ஒரே மகள் மிருதுளாவின் கல்யாணத்துக்கு நான்கு நாள் இருந்தது. தகப்பன் நீர் வார்த்துப் பெண்ணைக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். "அவரே தண்ணியா இருக்கறது ஒரு வேலை மிச்சமுங்க" என்று சம்பந்தியம்மா ருக்மணி போனில் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. மேடையில் அவர்கள் வீட்டுச் சோதனைப் பெட்டியை வைத்துப் பார்ப்பார்கள். மஞ்சள் காட்டினால் பெண்ணின் அப்பாவுக்குச் சம்மதமில்லை என்று எழுந்து போய்விடுவார்கள்.

நான் குளத்தோரம் உட்கார்ந்து, "ஏனுங்க, வியாழக்கெழம மிருதுளா கல்யாணமுங்க" என்றேன். ஐந்து சொட்டு விட்டேன். பழுத்த எலுமிச்சை மஞ்சள்.

அதிர்ந்துபோனேன். நிச்சயதார்த்தத்தில் ஊர் முன்னால் தலையாட்டியவர் அவர். ஆழமான முனையில் எடுத்துப் பார்த்தேன், படிக்கட்டுப் பக்கம் எடுத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் அதே மஞ்சள்.

வெள்ளிங்கிரி குழாயை வெயிலில் தூக்கிப் பார்த்தார். "அண்ணனுக்குப் புடிக்கலீங்க அக்கா."

"சரி பண்ண முடியாதா?"

"சோடா போட்டா அமிலம் எறங்கிருமுங்க. ஆனா அது அண்ணன் சொன்னதா இருக்காதுங்க. நீங்க சொன்னதா இருக்கும்."

பத்திரிகை பழனி வரைக்கும் போயாகிவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று மிருதுளாவிடம், "உனக்குச் சம்மதம்தானே?" என்றேன். அவள் போனிலிருந்து கண்ணெடுக்காமல் "ம்" என்றாள். அது போதும் என்று நினைத்தேன். ஆப்பச் சோடா ஆறு கிலோ வாங்கி, வாளி வாளியாகக் கலக்கிக் குளத்தைச் சுற்றி ஊற்றினேன். சாயங்காலம் அழகான இளஞ்சிவப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. முகம் எந்தப் பக்கம் என்று தெரியாததால் தப்பித்தேன்.

வியாழக்கிழமை அவரை ஒரு பித்தளைக் குடத்தில் மொண்டு மண்டபத்துக்கு எடுத்துப் போனோம். குளத்தில் எந்த இடத்தில் மொண்டாலும் அவர்தான். சம்பந்தியம்மா மேடையில் சோதித்து, குழாயை நான்கு பேருக்குக் காட்டினார். இளஞ்சிவப்பு. சடங்கு நடத்தும் அருமைக்காரர், "வார்த்து விடுங்க" என்றார்.

மிருதுளாவின் கைக்குக் கீழே தாம்பாளத் தட்டை வைத்து, சொம்பில் எடுத்துக் கைமேல் ஊற்றினேன். நீர் பட்டதும் அவள் நகங்கள் கரைந்தன. பிறகு விரல்கள், மணிக்கட்டு, தோள். கடைசியில் அவள் முழுக்கத் தட்டில் இருந்தாள், மணைமேல் கூறைப்புடவை மட்டும் மடிந்து கிடந்தது.

"தட்டச் சிந்தாமப் புடிங்க" என்றார் அருமைக்காரர். பிடித்தேன்.

சம்பந்தியம்மா மூடி போட்ட தூக்குவாளியை நீட்டினார். "மருமகள இதுல ஊத்திருங்க. வழியில ஸ்பீடு பிரேக்கரு நெறைய இருக்குதுங்க."

ஊற்றுவதற்கு முன்னால் கைப்பையிலிருந்து குழாயை எடுத்தேன். பழக்கம். தட்டிலிருந்து கோடு வரை எடுத்து ஐந்து சொட்டு விட்டேன்.

மஞ்சள். அவள் அப்பாவுடையதை விட அடர்த்தியான மஞ்சள். ஒரே வீட்டில் இரண்டு பேர் இத்தனை நாளும் "ம்" என்று சொல்லியிருக்கிறார்கள். அதை நான் ஒருத்திதான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். என் பிள்ளையை நானே வார்த்துவிடப் பார்த்தேன்.

"சோடா இருக்குதுங்களா?" என்று சம்பந்தியம்மா பதமாகக் கேட்டார்.

பையில் ஒரு பொட்டலம் இருந்தது. "இல்லீங்க" என்றேன். "எம் பொண்ணுக்கு இதுல இஷ்டமில்லீங்க. நாங்க வீட்டுக்குப் போறமுங்க."

தட்டை அவள் அப்பா இருந்த குடத்தில் கவிழ்த்தேன். ஒரு குழாய் எடுத்துப் பார்த்தேன். இந்தத் தடவை நான் எதுவும் போடவில்லை, தானாகவே இளஞ்சிவப்புக்கு வந்திருந்தது.

சம்பந்தியம்மா "சரிங்க" என்று தூக்குவாளியை மூடினார். முகூர்த்தம் முடிய இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. மாப்பிள்ளை கௌசிக் தாலியோடு சுற்றிலும் பார்த்தார். மேடையோரம் தலையாட்டிக்கொண்டிருந்த மின்விசிறி அவர் பக்கம் திரும்பி அப்படியே நின்றது. மண்டபத்து மேனேஜர் பெண்வீட்டாராக வந்து நின்றார். ஜாதகத்தில் ஒன்பது பொருத்தம் இருந்தது. கெட்டிமேளம் கொட்ட, கௌசிக் மின்விசிறியின் கழுத்தில் தாலி கட்டினார். குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நானும் ஒரு பிடி அட்சதை போட்டேன்.