சிவப்பு ஒயர் கட்டிய வீடு

ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைத்த மனுஷன், சொந்த வீட்டுச் சாமான் ஒன்றையாவது உருப்படியாகப் பழுதுபார்த்தாரா என்றால் இல்லை. எது கெட்டாலும் அப்போதைக்கு ஒட்டுப்போட்டு, சிவப்பு ஒயர்த்துண்டு ஒன்றைச் சுற்றிவிடுவார். அவர்கள் பட்டறை வழக்கம் அது. சிவப்பு ஒயர் இருந்தால் வேலை முடியவில்லை, கட்டியவன் திரும்பி வருவான், வேறு யாரும் கை வைக்கக் கூடாது. நாளைக்குப் பார்க்கிறேன் என்பார். அந்த நாளை வந்ததே இல்லை. குழாய், மிக்ஸி, விசிறி ரெகுலேட்டர், அலமாரிக் கதவு என்று வீடு முழுக்கச் சிவப்பு. ஊருக்குத்தான் உபதேசம் என்று மனைவியும் முப்பது வருஷம் இடித்துக்காட்டிச் சலித்துவிட்டாள்.

அவர் கண்ணை மூடி ஒரு மாதம். வந்தவர்களெல்லாம் தங்கமான மனுஷன் என்று சொல்லிச் சொல்லி, தலையாட்டியே அவளுக்குக் கழுத்து வலித்தது. யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. காலையில் குழாயைத் திறக்கும்போது அந்த ஒயரைத் தொட்டுக்கொள்வாள். இது இருக்கிறவரை மனுஷன் திரும்பி வருவார். பைத்தியக்காரத்தனம்தான், அவளுக்கே தெரியும். ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டுதான் பொழுதைத் தள்ளினாள்.

அன்று பென்ஷன் ஆபீசில் நாலாவது தடவையாக வரிசையில் நின்று, இன்னொரு நகல் வேண்டும் என்று திருப்பி அனுப்பப்பட்டு, கால் கடுக்க வீடு வந்து சேர்ந்தாள். மகள் முகத்தில் ஒரே பூரிப்பு. கை கழுவச் சொன்னாள். குழாய் சத்தமில்லாமல் திறந்தது. ஒயரைக் காணோம். மிக்ஸியில் இல்லை. அலமாரியில் இல்லை. விசிறிகூட முனகாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

ஸ்டூலிலிருந்து இறங்கினார் கணவருடைய கூட்டாளி. இருபத்தைந்து வருஷம் அவரோடு லிஃப்ட் குழிக்குள் கிடந்தவர். அம்மா இனியாவது சிரமப்படக் கூடாது என்று மகள்தான் கூப்பிட்டாளாம். காலையிலிருந்து பச்சைத்தண்ணி பல்லில் படாமல் வேலை பார்த்திருக்கிறார். சட்டைப்பை நிறையச் சிவப்புத் துண்டுகள்.

"அடுத்தவன் கட்டினதை அவிழ்க்கக் கூடாதுதான், அண்ணி. ஆனா அவன் இனிமே வரமாட்டானே. அரைகுறையா விட்டுட்டுப் போனான்னு அவனுக்குப் பேர் வந்துடக் கூடாதுன்னு..."

அவளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. யாரைத் திட்டுவது? மகளுக்கும் அப்பா, இவருக்கும் சிநேகிதன். திட்டவும் தெம்பில்லை. தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கூட்டாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். "அட, கண்ணாடியிலயும் கட்டியிருக்கான். குடுங்க அண்ணி, ரெண்டு நிமிஷ வேலை."

திருகு விழுந்த இடத்தில், காதோரமாக, மெல்லிய ஒரு சுற்று. முகத்திலேயே இருந்ததை அவளே மறந்திருந்தாள். சட்டென்று கையால் பொத்திக்கொண்டாள்.

"வேண்டாம் தம்பி. இதை அவரே வந்து பாத்துக்குவார்."

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கூட்டாளி அவளைக் கையமர்த்திவிட்டு, திருப்புளியைப் பைக்குள் போட்டார்.