தாய்மாமன் துண்டு

நயினார்கோவில் பக்கத்தில் குருநாதன் அம்பலத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரியாது என்று எவராவது சொன்னால், அவரே நிறுத்திவைத்துத் தெரியப்படுத்திவிடுவார். ஜமீன் ஒழிந்து சில வருடங்கள் ஆகியும் அவருடைய மீசை முறுக்கு மட்டும் ஒழியவில்லை. அப்பேர்ப்பட்டவர் முகூர்த்த நாள் காலையில், தங்கை ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில், காதர் மைதீன் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கை உமையாளின் மகள் பூமயிலுக்கு அன்று கல்யாணம். தாய்மாமன் கைபிடித்து அழைத்துவந்தால்தான் பெண் மணவறை ஏறுவாள். இவரோ வீம்பில் இருந்தார். பாக்கு வைத்துக் கல்யாணத்துக்கு அழைக்க வந்த தங்கை புருஷன், வெற்றிலைத் தட்டை முதலில் ஒரு பங்காளி வீட்டில் நீட்டிவிட்டுப் பிறகுதான் இவர் வீட்டுக்கு வந்தாராம். வருகிற வழியில் அந்த வீடு முந்தி இருந்தது, அவ்வளவுதான். அது இவருக்கும் தெரியும். தெரிந்தும் பொறுக்கவில்லை.

"சீரக் கொண்டுக்கிட்டு நீ போ. நான் வாரதா இல்ல," என்று முந்தின நாளே மனைவி முத்தழகிடம் சொல்லிவிட்டார். "வண்டியக் கட்டிக்கிட்டு வந்து கூப்பிடட்டும், பாப்போம்."

"அந்தப் பிள்ளை மொகத்தையாவது பாருங்க."

"மொதல்ல அவுக என் மொகத்தப் பாக்கட்டும்."

முத்தழகு சீர்த் தட்டுகளோடு கிளம்பிப் போய்விட்டாள். காலையில் தேடியபோது அவருடைய சரிகைத் துண்டைக் காணோம். கையில் கிடைத்த சாதாரணத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வீட்டிலேயே இருந்தால் வண்டி வந்து திரும்புவதற்குள் முகூர்த்தம் தப்பிவிடும். அதனால் கூப்பிட வருகிறவர்களுக்கு வசதியாக விலக்கு வரைக்கும் தாமே வந்து உட்கார்ந்துகொண்டார். இந்த லட்சணத்தை வெளியில் சொல்லிக்கொள்ள முடியுமா?

"மேளம் கேக்குதே, போகலையா அம்பலம்?" என்றார் காதர் மைதீன்.

"நான் போகாம அங்கன என்ன நடந்துரும்? ஆள் வரும். நீங்க இன்னொரு டீ போடுங்க."

ஆள் வரவில்லை. கெட்டிமேளம்தான் வந்தது.

குருநாதனுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. பிறகு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நான் இல்லாமல் தாலியா? டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். பந்தலைப் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை என்று ஊருக்குள் விறுவிறுவென்று நடந்தார்.

பந்தல் வாசலில் கூண்டு வண்டியில் மாடு பூட்டிக்கொண்டிருந்தார்கள். தாலி கட்டி முடித்துவிட்டு இப்போது கூப்பிட வருகிறார்களாக்கும் என்று வாயைத் திறந்தவர், உள்ளே பார்த்ததும் நின்றுவிட்டார். மணவறைக்குப் பக்கத்தில் ஒரு மணை. அதன்மேல் மடித்து வைத்த அவருடைய சரிகைத் துண்டு. துண்டுக்கு மாலை, சந்தனம், குங்குமம்.

மாமன் எழுந்து வர முடியாமல் படுத்துவிட்டால் அவர் துண்டைப் பிடித்துக்கொண்டு பெண் மணவறை ஏறலாம் என்று அவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. அவருக்கும் தெரிந்த வழக்கம்தான். தன் இடத்தையும் ஒரு துண்டு நிரப்பிவிடும் என்று மட்டும் அவருக்குத் தோன்றியதே இல்லை. அவர் செய்ய வேண்டியதையெல்லாம் அது வம்பு வழக்கில்லாமல் செய்து முடித்திருந்தது.

உமையாள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். "காச்சலோடயா நடந்து வந்தே அண்ணே? எந்திரிக்கவே முடியலன்னு அண்ணி சொன்னாகளே. இந்தா, பூமயிலும் மாப்பிள்ளையும் ஒன்னையப் பாக்கத்தான் கெளம்புறாக. மாமாகிட்ட துன்னூறு வாங்காம எலையில உக்கார மாட்டேன்னுட்டா."

குருநாதன் முத்தழகைத் தேடினார். அவள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். அவர் மானம் போகாமல் இருக்க நாலு பேர் முன்னால் பொய் சொல்லியிருக்கிறாள். பந்தலைப் பிரிக்க வந்த கை இரண்டையும் எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வெட்கத்தில் முகம் எரிந்தது.

பூமயில் மாலையும் கழுத்துமாக வந்து காலில் விழுந்தாள். எழுந்து, சின்னப் பிள்ளையில் அவர் இவளுக்குச் செய்தது போலவே, நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. "எனக்குக் காச்சல் இல்ல ஆத்தா," என்றார். "விலக்கு டீக்கடையிலதான் இருந்தேன். நீங்க வண்டி கட்டி வந்து கெஞ்சணும்னு உக்காந்திருந்தேன்."

பூமயில் தாயிடம் திரும்பினாள்.

"நெத்தி கொதிக்குதும்மா. காச்சல் வேகத்துல என்னென்னமோ பேசுறாக. ஒரு கட்டில இங்கன போடச் சொல்லுங்க."

கட்டில் வந்தது. நாலு பேர் சேர்ந்து அவரைப் படுக்க வைத்தார்கள். உமையாள் மாலையை எடுத்து வைத்துவிட்டு, மணையில் இருந்த சரிகைத் துண்டை உதறி அவர்மேல் போர்த்தினாள். குருநாதன் அதை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.