பின்னறைக்குத் தரைவழி

போத்தனூரில் செட்டிபாளையம் ரோட்டை ஒட்டிய சந்தில், காலஞ்சென்ற தாமஸின் வீட்டில், ஹாலிலிருந்து பின்னறைக்குப் போக இப்போது இரண்டு இரவுப் பஸ்ஸும் ஒரு படகும் பிடிக்க வேண்டும். வீட்டின் வெளியளவில் மாற்றம் எதுவும் இல்லை. அதே சிமெண்ட் ஷீட் கூரை, அதே பச்சைக் கதவு, பின்சுவரை ஒட்டி அதே சாக்கடை, அதற்கு அந்தப்பக்கம் அதே ரயில் பாதை. வீட்டு வரிக்கு அளக்க வந்த ஆள் டேப்பைப் பிடித்துக்கொண்டு, ஹாலையும் பின்னறையையும் இணைக்கும் நடைக்குள் போனார். டேப் தீர்ந்தது, நடை தீரவில்லை. வெளியே வந்து பழைய அளவையே எழுதிக்கொண்டு, ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. உள்ளுக்குள் நீண்டதற்கு வரி போட எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

வீட்டைக் கட்டிய தாமஸ் ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் கேங்கில் இருந்தவர். அவருடைய அப்பன் கிணத்துக்கடவுப் பக்கம் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்கு மாடாக உழைத்துச் செத்தவர். தன் பெயரில் ஒரு சுவரை எழுப்பி அதில் சாய்ந்து உட்கார்ந்த முதல் ஆள் அந்தக் குடும்பத்தில் தாமஸ்தான். ரொம்ப நாள் உட்காரக் கொடுத்துவைக்கவில்லை. மனைவி கிருபாவதி ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. வேலையில் இருந்த காலமெல்லாம் ஊரில் உள்ள நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைத்தவர், தாமஸ் போன மறு வருஷம் குளியலறையில் விழுந்து இடப்பக்கம் முழுக்க விளங்காமல் போய், தன்னைப் புரட்ட ஓர் ஆளுக்காகப் பின்னறைக் கட்டிலில் காத்துக் கிடந்தார். மகன் ஜெஃபின் பெங்களூரில் பெண்டாட்டி பிள்ளையோடு இருந்தான். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்து அம்மாவைப் பார்த்துக் கண் கலங்குவான், பிறகு வைத்துவிடுவான். ஆக, புரட்டும் அந்த ஆள் மகள் சாராதான் என்று யாரும் சொல்லாமலே முடிவாகிவிட்டது. அவளுக்கு வந்துகொண்டிருந்த இரண்டொரு வரன்களும் பின்னறையை எட்டிப் பார்த்தார்கள், ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள், சொல்லி அனுப்பவில்லை.

சாராவுக்கு மோட்டார் பம்புசெட் செய்யும் கம்பெனியில் டெஸ்பாட்ச் வேலை. எந்த லாரி எந்த வழியாகப் போனால் டீசல் மிச்சம் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒருமுறை ஹாய் போங் துறைமுகத்துக்குப் போகும் பெட்டிகளுக்கு அவள் பேப்பர் போட்டாள். அது எங்கே இருக்கிறது என்று மேப்பில் தேடியபோதுதான் வியட்நாமைப் பார்த்தாள். ஒல்லியாக, நீளமாக, ஒரு பக்கம் முழுக்கக் கடல். அந்த நாட்டின் உச்சியில் இறங்கி அடி வரைக்கும் ஒரே வீச்சில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. முதுகில் ஒரு பை, கையில் கொஞ்சம் பணம், தனியாக. பெற்றவள் படுத்துக் கிடக்கையில் இப்படியும் ஓர் ஆசையா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். பெற்றவள் படுத்துக் கிடந்ததால்தான் அந்த ஆசை அவளை விடாமல் பிடித்துக்கொண்டது.

ஆபீஸிலிருந்து வந்து, அம்மாவுக்கு உடம்பு துடைத்து, கஞ்சி கொடுத்துவிட்டு ஹாலில் உட்கார்ந்து போனைத் திறந்தால் திட்டம் ஓடும். ஹனோயில் இறங்க வேண்டும், அங்கிருந்து தெற்கே கடைசி வரை தரைவழி மட்டும். நாட்டுக்குள் விமானம் கூடவே கூடாது என்று ஆரம்பத்திலேயே அடித்துவிட்டாள். காசும் அதிகம், பறந்துபோனால் பார்த்ததாகவும் ஆகாது. இரவுப் பஸ்ஸில் படுத்துக்கொண்டே போனால் ஒரு ராத்திரி வாடகை மிச்சம். ரயிலை எடுத்துவிட்டு பஸ், நல்ல பஸ்ஸை எடுத்துவிட்டு மட்டமான பஸ், பாதி வழியில் வரும் ஹுவே என்ற ஊரில் தங்குவதை வெட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டிலேயே முகம் கழுவிக்கொள்வது என்று வருஷா வருஷம் அதைச் செதுக்கினாள். பாஸ்போர்ட் வந்தது. டவுன்ஹால் கடைவீதியில் பேரம் பேசி ஒரு பெரிய முதுகுப் பை வாங்கி வந்தாள். போகிற தேதி மட்டும் வரவில்லை.

நடுநடுவே பின்னறையிலிருந்து சாராக் கண்ணு என்று குரல் வரும். தண்ணீர் வேண்டியிருக்கும், துணி நனைந்திருக்கும், சில சமயம் ஒன்றுமே இருக்காது. சாரா போனிலிருந்து கண்ணை எடுக்காமல் வாரேன்மா என்பாள். பார்த்துக்கொண்டிருந்த பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். இதில் கொடுமைக்காரி யாரும் இல்லை, படுக்கையில் ஆள் கிடக்கும் எந்த வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் அந்த வீட்டு நடை அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது.

பகலில் கிருபாவதிக்குச் சோறு ஊட்டிவிட எதிர்வீட்டு மாரியாத்தாள் வருவார். முட்டி வலிக்காரர் என்பதால் முதலில் கண்டுபிடித்ததும் அவர்தான். உங்கூட்டு நடை நீண்டுபோச்சா அம்மணி, போய்ச் சேர்றதுக்குள்ள சோறு ஆறிப்போகுது என்று சாராவிடம் கேட்டார். சாரா சிரித்து மழுப்பினாள். கொஞ்ச நாளில் போகவர அரை நாள் ஆனது, வழியில் பனி இறங்கியது. மாரியாத்தாள் சால்வை போர்த்திக்கொண்டு வர ஆரம்பித்தார். ஒருநாள் சாராவைப் பிடித்து உட்காரவைத்து விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"நம்மூர்ல கூப்புட்டா ஓடியாரவளும் வாரேன்னுதான் சொல்றா, ஊட்ட உட்டுப் போறவளும் வாரேன்னுதான் சொல்றா. நீ மூட்டையக் கட்டி வெச்சுக்கிட்டு, நெனப்பையெல்லாம் சீமைல வெச்சுக்கிட்டு வாரேன்னு சொன்னீன்னா, ஊடு அத எப்படி அம்மணி எடுத்துக்கும்?"

வீடு அதை விடைபெறுவதாகவே எடுத்துக்கொண்டது. சாரா ஒவ்வொரு முறை வாரேன் என்றபோதும் பின்னறை அவளை வழியனுப்பிவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது. கேட்டதும் சாராவின் முகம் செத்துப்போனது. அம்மாவின் குரல் முதன்முதலாக தூரத்திலிருந்து கேட்ட சாயங்காலம் அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, மறக்கவும் இல்லை. அன்றிலிருந்து அந்த வார்த்தையை விட்டொழித்தாள். கூப்பிட்ட நொடியே வாயைத் திறக்காமல் ஓடிப் பார்த்தாள். போன தூரம் போனதுதான்.

நீண்ட இடம் சும்மா கிடக்கவில்லை. அவள் வருஷக்கணக்காகப் போட்டு வைத்த திட்டமே வந்து அதை நிரப்பியது. சமையலறைக் கதவைத் தாண்டினால் நெல் வயல், வயலுக்கு நடுவே செங்குத்தாகச் சுண்ணாம்பு மலைகள், மலைக்கு அடியில் ஆறு. அவள் வாடகை மிச்சம் பிடித்த இடங்களில் எல்லாம் பட்டப்பகலிலும் ராத்திரி இருந்தது. அவள் தங்குவதை வெட்டிய ஹுவேயில் உட்கார ஒரு திண்டுகூட இல்லை, ஓயாத மழை. பனையோலைத் தொப்பி போட்டவர்கள் அவரவர் வேலையாக சைக்கிளில் போனார்கள், வந்தார்கள். கஷ்டம் என்னவென்றால் அங்கே விமானம் கிடையாது. அவசரத்துக்கு ஓர் ஆம்புலன்ஸ்கூட உள்ளே போக வழியில்லை. திட்டத்திலிருந்து அவளே அடித்ததுதானே.

ஜெஃபினிடம் சொன்னபோது, அவன் நம்பாமல் இல்லை, இப்போதெல்லாம் எந்த ஊரிலும் தூரம்தான் பிரச்சனை என்று சொல்லி ஏஜென்சி மூலம் ஒரு நர்ஸை அனுப்பினான். அந்தப் பெண் காலையில் நடைக்குள் போனவள் அந்த வாரக் கடைசியில் சேறும் சகதியுமாகத் திரும்பி வந்தாள். பாதி வழியிலேயே பஸ் கோளாறாகி நின்றுவிட்டதாகவும், வெளிநாட்டு வேலைக்கு வேறு சம்பளம் என்றும் சொல்லிவிட்டுக் காந்திபுரம் பஸ் ஏறினாள். மாரியாத்தாள் பங்குனி மாதம் வரை விடாமல் போய்வந்தார். கடைசித் தடவை அவரைப் பனையோலைத் தொப்பி போட்ட இரண்டு பேர் கைத்தாங்கலாக நடையிலிருந்து வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டு, குனிந்து வணங்கி, மறுபடி உள்ளே போனார்கள். அதன்பிறகு அவருக்கு முட்டி மடங்கவில்லை. சாரா ஆபீஸ் விட்டு வந்து நடையில் இறங்கினால் பாதி வழியிலேயே விடிந்துவிட்டது, குரல் கேட்கிற வரைக்கும் அம்மா இருக்கிறார் என்று தேற்றிக்கொண்டாள்.

வைகாசியில் ஒரு நாள் பின்னறையிலிருந்து குரல் வரவில்லை. மறுநாளும் இல்லை.  சாரா நடை வாசலில் நின்று அம்மா அம்மா என்று கத்தினாள். ஈரக்காற்றுதான் வந்தது. முதுகுப் பையை இறக்கி, அதில் இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த மழைக்கோட்டையும் மெல்லிய துண்டையும் எடுத்து வெளியே எறிந்தாள். படுக்கைப்புண் மருந்து, மாத்திரை, பெரியவர்கள் கட்டும் டயாபர், வறுத்து அரைத்த கம்பு மாவு என்று பை கொள்ளுமட்டும் அடைத்தாள். மேனேஜர் சீனிவாசலுவைக் கூப்பிட்டு, அம்மாவைப் பார்க்கப் போக வேண்டும், லீவு வேண்டும் என்றாள். அம்மா உங்க வீட்டிலேயேதானே இருக்காங்க என்றார் அவர். ஆமாங்க சார், அங்கேதான் போறேன் என்றாள். அவர் லீவை எழுதிக்கொண்டார்.

அவள் கனவு கண்ட பயணம் அதுதான், ஓர் ஊர்கூட மாறவில்லை. ஆற்றில் ஒரு பெண் காலால் துடுப்புப் போட்டு அவளை அக்கரை சேர்த்தாள். பஸ்ஸில் செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். மேல் படுக்கையில் காலை நீட்ட முடியாமல் படுத்தபடி, இன்னும் கொஞ்சம் நல்ல பஸ்ஸைப் போட்டிருந்தால் சீக்கிரம் போயிருக்கலாமே என்று தன் கஞ்சத்தனத்தை நினைத்து அழுதாள். ஹுவேயில் நனைந்துகொண்டே நின்றாள். கணவாயில் மேகத்துக்குள் பஸ் ஊர்ந்தது, கீழே கடல் இருந்திருக்க வேண்டும். எத்தனையோ சாயங்காலம் போனில் பெரிதாக்கிப் பார்த்த அந்தக் கடலை அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்களிடம் கையைக் காட்டி இன்னும் எவ்வளவு தூரம் என்றே கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்களும் கையாலேயே இன்னும் போகணும் என்றார்கள்.

பின்னறைக் கதவு திறந்தே இருந்தது. கிருபாவதி உயிரோடு இருந்தார். முகம் கழுவி, தலை வாரி, நல்ல துணி கட்டியிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஃபோ என்னும் நூடுல்ஸ் சூப் விற்கும் ஒரு பெண் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். சாராவையும் பையையும் பார்த்ததும், இனி தான் கிளம்பலாம் என்பதுபோல் தலையசைத்துவிட்டுத் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். யாரோ முகம் தெரியாதவர்கள் புரட்டிப் படுக்கவைத்திருக்கிறார்கள். முதுகில் ஒரு புண்கூட இல்லை. சாரா பையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கிருபாவதி வலப்பக்கம் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, எந்த ஊருங்க நீங்க?"

வேற்று ஆளிடம் பேசுகிற மரியாதை அது. மகளை ஒருநாளும் அவர் ங்க போட்டுப் பேசியதில்லை.  போத்தனூருங்க என்று சாராவின் வாயிலிருந்தும் அப்படியே வந்தது. அட, நமக்கும் அந்தப் பக்கந்தானுங்க என்று கிருபாவதி சந்தோஷப்பட்டார். இவ்வளவு தூரம் தனியாக வந்திருக்கிறீர்களே, பையை இறக்கி வையுங்கள் என்று உபசரித்தார். சாரா அவருடைய விளங்காத கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, நாந்தாம்மா. சாரா."

"எம்பொண்ணு பேரும் அதேதானுங்க" என்றார் கிருபாவதி. "பக்கத்து ரூம்லதான் இருக்கறா. ஏதோ வேலையா இருக்கறாளாட்ட இருக்குது. கூப்புட்டா வந்துருவா."

சாரா அங்கேயே தங்கிவிட்டாள். லீவு முடிந்தது, பிறகு வேலையும் முடிந்தது. சம்பளப் பாக்கியை ஜெஃபின் வாங்கிக் கொடுத்தனுப்பினான், அது வழியிலேயே எங்கோ இருக்கிறது. சந்தில் யாராவது கேட்டால், சாரா வெளியூரில் அம்மாவோடு இருக்கிறாள் என்று மாரியாத்தாள் சொல்லிவிடுவார். தபால்காரரும் அப்படியே எழுதிக் கடிதங்களைத் திருப்பி அனுப்புகிறார். பின்னறையில் கிருபாவதி அவளை விருந்தாளியாகவே வைத்திருக்கிறார். புரட்டிப் படுக்கவைக்கும்போது உங்களுக்கு எதுக்குங்க செரமம் என்று கூச்சப்படுவார். மகள் வந்ததும் இவளைப் பற்றிச் சொல்லி ஏதாவது செய்யச் சொல்வதாக வாக்குக் கொடுப்பார். சாரா முதலில் மறுத்துப் பார்த்தாள், பிறகு சரிங்க என்று சொல்லப் பழகிவிட்டாள். தினமும் விளக்குப் போடும் நேரத்துக்குக் கிருபாவதி வாசல் பக்கம் பார்த்து மகளை ஒரு தரம் கூப்பிடுவார். இரண்டு பேருமாகக் கொஞ்ச நேரம் காத்திருப்பார்கள். அதற்குப் பிறகு சாரா கஞ்சியை ஆற்றி ஊட்டிவிடுவாள்.