சாமி கரையேறும் வரைக்கும்

ராஜாங்கம் தோளில் கிடந்த துண்டை உருவி மகளின் வாயைப் பொத்தினார்.

“அழாதம்மா. வெளிய கேட்ரும்.”

ஆதிலட்சுமி அவர் கையைத் தள்ளப் பார்த்தாள். பாயில் அவள் அம்மா வீரம்மாள் கிடந்தாள். மூச்சு நின்று வெகுநேரம் ஆகவில்லை, உடம்பில் இன்னும் சூடு இருந்தது. பெற்றவள் செத்தால் தெருவே கேட்க அழுவதுதான் முறை. வாயைப் பொத்துகிற அப்பனை எந்த ஊரில் கண்டாள்?

ஆனால் கேட்டுக்கொண்டவளே வீரம்மாள்தான். முந்தின நாள், இழுத்த மூச்சுக்கு நடுவே சொன்னாள்: “நாளைக்கு ஆத்துத் திருநா. கலியன் சாமி தூக்கறான். எனக்கு ஒண்ணு ஆச்சின்னா, சாமி கரையேற வரைக்கும் அவன் காதுல வுழக் கூடாது. காதுல வுழுந்தாத்தான தீட்டு?”

கலியன் அவள் தம்பி. மேல்பட்டாம்பாக்கத்துப் பக்கம், பெண்ணையாற்றங்கரையில் அவர்கள் ஊர். ஒரு வெள்ளத்தில் ஆறு தெருவையே வாரிக்கொண்டு போனபோது, கூரையையும் நெல்லையும் விட்டுவிட்டு மாரியம்மனை மட்டும் தோளில் தூக்கிக் கரையேறியவர் அவர்களுடைய அப்பா. அன்று முதல் தை ஐந்தாம் நாள் அம்மன் ஆற்றுக்குப் போகையில் பல்லக்கின் முன்கொம்பைச் சுமக்கும் உரிமை அந்த வீட்டுக்கு. போன வருஷம் அப்பா செத்த தீட்டில் கொம்பு கீழத்தெருக்காரன் தோளுக்குப் போயிற்று. இந்த வருஷமும் தவறினால் அவன் திருப்பித் தரமாட்டான். அடுத்தவன் வயலில் குனிந்தே கிடந்த குடும்பம் வருஷத்தில் ஒரு நாள் நிமிர்ந்து நடந்தது அந்தக் கொம்பால்தான்.

ராஜாங்கம் குடியிருந்தது நெய்வேலியில். அந்த பிளாக்கிலேயே திருநாளுக்குப் பஸ் ஏறுகிற அந்தப் பக்கத்து ஆட்கள் உண்டு. ஓர் ஒப்பாரி போதும், சாமி புறப்படுமுன் சேதி போய்விடும். ராஜாங்கம் கதவைச் சாத்தினார்.

கதவு தட்டப்பட்டது. அடுத்த குவார்ட்டர்ஸ் தனபாக்கியம், திருநெல்வேலிக்காரி.

“என்னண்ணே, ஷிப்டுக்குப் போவலையா? அக்காவுக்கு எப்படி இருக்கு?”

“தூங்குதுங்க.” ராஜாங்கம் கதவைப் பாதி மறைத்து நின்றார்.

தனபாக்கியம் அவர் முகத்தையே பார்த்தாள். போய்த் தன் வீட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டாள். வந்தவர்களை எல்லாம் அவளே திருப்பி அனுப்புவது உள்ளே கேட்டது. “அக்கா உறங்குதாவ. பொறவு வாங்க.”

நிலக்கரிச் சுரங்கத்தில் பம்புகள் ஓடிக்கொண்டிருந்தன. ராஜாங்கத்துக்கு அந்தப் பம்பில்தான் வேலை. பூமிக்குள்ளிருந்து தண்ணீரை இறைத்துக் கொட்டுகிற வேலை. “இவ்ளோ தண்ணி எறைக்கிறீங்களே, எனக்குன்னு ஒரு ஆறு வுட்டா என்னவாம்?” என்று வீரம்மாள் கேலி செய்வாள். ஒவ்வொரு தையிலும் திருநாளுக்குக் கூப்பிடுவாள். ஒவ்வொரு தையிலும் அவர் அடுத்த வருஷம் என்பார்.

பொழுது சாய்கையில் வாசலில் குரல் கேட்டது.

“அக்கோவ்! முன்கொம்பு நம்ம வூட்டுக்குத்தான்! ஆத்துல தண்ணி நல்லாப் போவுது!”

திருநாள் முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லியிருந்த கலியன், சொன்னபடியே வந்துவிட்டான். கையில் அக்காவுக்குப் பிடித்த சிறுவள்ளிக்கிழங்கு. கதவைத் திறந்த ராஜாங்கத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றது.

“எப்ப மாமா?”

“விடியக்காலம்.”

கலியன் கன்றிப்போன தோளைத் தொட்டுக்கொண்டான். “அக்கா இங்க கெடக்குது. நான் அங்க சாமிய தூக்கினு ஆடிகினு இருந்தனே மாமா.”

“அதத்தான் ஒங்கக்கா கேட்டுச்சி.”

அவன் உள்ளே போய் அக்காவின் காலடியில் விழுந்தான்.

“இப்ப அழும்மா,” என்றார் ராஜாங்கம் மகளிடம். ஆதிலட்சுமி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. முதல் ஒப்பாரி அடுத்த வீட்டுப் படியிலிருந்துதான் எழுந்தது.

மறுநாள் காலை, கலியன் வாங்கி வந்த கோடிப் புடவையைப் போர்த்தி வீரம்மாளைத் தூக்கினார்கள். வீட்டைக் கழுவிவிடத் தனபாக்கியம் தண்ணீர்க் குடத்தோடு வந்து நின்றாள்.

“கொஞ்சம் இருங்கம்மா,” என்றார் ராஜாங்கம்.

கலியன் விழுந்து கிடந்த இடத்தில், அவன் வேட்டி மடிப்பிலிருந்து உதிர்ந்த ஆற்று மணல் சிமெண்டுத் தரையில் கிடந்தது. அவர் குந்தி உட்கார்ந்து அதை விரலால் கூட்டி எடுத்தார். துண்டின் முனையில் முடிந்துகொண்டு, வாசலில் காத்திருந்த பாடைக்குப் பின்னால் நடந்தார்.