கிளாவ்தியாவின் சர்க்கரை மூட்டை

கிளாவ்தியா இரண்டு வாளி ஆப்பிளோடு பஸ்ஸை விட்டு இறங்கியபோது, அவளுடைய அடுக்குமாடி ஜனங்கள் அத்தனை பேரும் தெருவில் நின்றார்கள். நிலவறையில் வெடிமருந்து கிடைத்ததாம்.

மாஸ்கோவில் இரண்டு குடியிருப்புகள், தூங்கிக்கொண்டிருந்த ஜனங்களோடு இடிந்து விழுந்த செப்டம்பர் அது. வைத்தது யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். பயம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். இந்தக் கட்டடத்துக்கு முறைக்காவல் போட்டு, நிலவறையைத் தினம் இரண்டு தடவை குடையவைத்தவளே கிளாவ்தியாதான். முப்பது வருஷம் டிராமில் டிக்கெட் கேட்ட குரலை யார் எதிர்ப்பார்கள்?

"குழாய்க்குப் பின்னாடி ஒரு மூட்டை. நீல நாடா போட்டுக் கட்டியிருந்துச்சு," என்றாள் பக்கத்து வீட்டு தமாரா.

அந்த நாடா கிளாவ்தியாவின் பழைய வீட்டு அங்கியின் இடுப்புக் கயிறு. மூட்டை ஜாம் காய்ச்ச வாங்கிய சர்க்கரை. புருஷன் கண்ணில் பட்டால் ஒரே வாரத்தில் சாராயமாகிவிடும் என்று முந்தின ராத்திரிதான் அங்கே ஒளித்துவைத்திருந்தாள்.

"யாரையாவது பிடிச்சாங்களா?"

"நம்ம தர்பூசணிக்கார தோஃபிக்கைத்தான். காக்கசஸ் மலைப்பக்கத்துக்காரனாச்சே, அந்தப் பக்கத்து ஆளுங்க மேலதானே இப்ப எல்லாருக்கும் சந்தேகம்!"

ஆறு வருஷமாக அவளுக்குத் தட்டித் தட்டி நல்ல பழமாகப் பொறுக்கிக் கொடுத்தவன். கிளாவ்தியா வாளிகளோடு நேரே காவல் நிலையத்துக்கு நடந்தாள்.

கேப்டன் அர்காதி டீ குடித்துக்கொண்டிருந்தார். மூலையில் மூட்டை வாய் பிளந்து கிடந்தது.

"அது என் சர்க்கரை, தம்பி. அந்த ஆளை விடு."

"மெதுவாப் பேசுங்க! வெடிமருந்துன்னு கருவியே சொல்லிடுச்சு. டிவியிலயும் வந்தாச்சு."

"அப்ப உன் டீயில என்ன போட்டிருக்க?"

கேப்டனின் கரண்டி அப்படியே நின்றது. அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. விறைப்பாக எழுந்து நின்று கேட்டார், ஏழெட்டு முறை "சரிங்க" சொன்னார், உட்கார்ந்தார்.

"ஒத்திகையாம். நம்ம உளவுத்துறை ஆளுங்களே வச்சுப் பாத்தாங்களாம். சர்க்கரைதானாம்."

"யாரு வச்சது? நான் வச்சதுடா!"

"கிளாவ்தியா யெகோரவ்னா, கொஞ்சம் யோசிங்க. சர்க்கரை உங்களுதுன்னா ஒத்திகை கிடையாது. ஒத்திகை இல்லன்னா அது மறுபடி வெடிமருந்து. தோஃபிக் உள்ளேயே இருப்பான், துணைக்கு நீங்களும் வருவீங்க. அரசாங்கத்துதுன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க, இப்பவே அவனைக் கூட்டிட்டுப் போங்க."

அவள் ஆப்பிளைப் பார்த்தாள், மூட்டையைப் பார்த்தாள். காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்த தோஃபிக் ஒரு வாளியை வாங்கிக்கொண்டு வீடுவரை வந்தான். ஜாம் காய்ச்சச் சர்க்கரை இல்லாமல் பால்கனியில் ஆப்பிள்கள் அழுகின. தினமும் அவற்றைப் பார்த்து அரசாங்கத்தைத் திட்டினாள்.

மார்ச்சில் ஜனாதிபதித் தேர்தல். ஆகஸ்டில் பெயர்கூடத் தெரியாதிருந்த புதுப் பிரதமரின் முகம் இப்போது எல்லாச் சுவரிலும் இருந்தது. பயந்துபோன ஜனங்களுக்கு அவரைவிட்டால் ஆளில்லை. வாக்குச்சாவடியான பள்ளிக்கூடத்தில் வழக்கம்போலப் பலகாரக் கடை போட்டிருந்தார்கள். கிளாவ்தியா ஓட்டுப் போட்டுவிட்டு ஒரு பன் வாங்கினாள். இனிப்பு தூக்கலாக இருந்தது.

மேஜைக்குப் பின்னால் பாதி காலியான மூட்டை. அதில் நீல நாடா.

"போலீஸ்காரங்க நன்கொடை. இனிப்பு எப்படி?" என்றாள் கடைக்காரி.

கிளாவ்தியா குனிந்து நாடாவை அவிழ்த்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"கயிறு என்னோடது," என்றாள். "இதுக்கும் எங்கயாவது கையெழுத்துப் போடணுமா?"